முதல் கோப்பைக்கு முன்னால்
பாபர் பாதுஷாவின் வாழ்வு தரும் பாடம்

திருச்சிராப்பள்ளிக்கும் ஸ்ரீரங்கத்திற்கும் ஆண்டுதோறும் வெளியூர்ப் பிள்ளைகள் படிக்க வருகின்றனர். பெட்டியும் படுக்கையுமாக அவர்களை விடுதியில் சேர்த்துவிட்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஊருக்கு வண்டி ஏறும் அத்தாமார்களின் மனத்தில் ஒரே கவலைதான். பிள்ளை கெட்டுப் போகாமல் இருக்க வேண்டுமே! தொழுகையை விடாதே என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் முதல் கோப்பை பெரும்பாலும் கடைக்காரன் கையிலிருந்து வருவதில்லை. நண்பனின் கையிலிருந்து, அன்போடு வருகிறது.

இதை நமக்கு உணர்த்தும் வாழ்க்கை ஒன்று நம் நாட்டு வரலாற்றில் உண்டு. மொகலாய அரசை நிறுவிய பாபர் பாதுஷாவின் வாழ்க்கையே அது. அவர் நடத்திய போர்களைப் பள்ளியில் படித்திருக்கிறோம். மதுவோடு அவர் நடத்திய போரை, தம் நினைவுக் குறிப்புகளில் அவரே ஒளிவு மறைவின்றி எழுதி வைத்திருக்கிறார்.

1483-ஆம் ஆண்டு பெர்கானா நாட்டின் அந்திஜான் நகரில் பாபர் பிறந்தார். தந்தை உமர் ஷேக் மிர்ஸா குடிப்பழக்கம் உள்ளவர். சிறுவனாக இருந்த மகனிடமே மதுவை நீட்டியிருக்கிறார். மகனோ ஏதேனும் சாக்குச் சொல்லி விலகிக்கொண்டார். 1494-இல் தந்தை இறக்க, பதினொரு வயதில் அரசுச் சுமை பாபரின் தோளில் ஏறியது.

அப்போது அவரைக் காத்தவர்கள் இருவர். ஒருவர், அறிவும் உறுதியும் மிக்க பாட்டி அய்சான் தௌலத் பேகம். மற்றவர், ஆசான் குவாஜா காஜி. இந்த ஆசானின் நிழலில் இளம் பாபர் ஹராமை மட்டுமன்றி, சந்தேகத்திற்குரிய உணவையும் ஒதுக்கினார். உண்ணும் விரிப்பும் கத்தியும் கரண்டியும் தூயவைதாமா என்று பார்த்தார். நள்ளிரவுத் தொழுகையையும் பெரும்பாலும் விடவில்லை. சந்தேகமான சோற்றையே தொடாதவர் மதுவையா தொடுவார்? வேலி அவ்வளவு தொலைவிலேயே போடப்பட்டிருந்தது.

ஆனால் அரசியல் பகையில் அந்த ஆசான் தூக்கிலிடப்பட்டார். பாபர் அப்போது பதினாறு வயதைக்கூட எட்டவில்லை. அதன்பின் நாடிழந்து, மலைகளில் அலைந்து, காபூலைப் பிடித்தார். வாலிபம் வந்தது. மதுவின்மீது ஆசையும் உள்ளே முளைத்தது. ஆயினும், ஊற்றிக் கொடுக்க ஆளில்லை. அவர் ஆசைப்படுகிறார் என்பதும் எவருக்கும் தெரியாது.

1506-இல் ஹிராத் நகருக்கு விருந்தாளியாகச் சென்றார். வயது 23. செல்வமும் கலையும் செழித்த பெருநகரம் அது. உறவினரான இளவரசர்கள் விருந்து வைத்து, கோப்பையை ஏந்திக் குடிக்கும்படி வற்புறுத்தினர். இங்கே குடிக்காமல் வேறெங்கே குடிப்பது என்று பாபரின் உள்ளமும் சொல்லிற்று. அப்போதும் அவரைத் தயங்க வைத்தது எது தெரியுமா? மார்க்கம் அன்று. அண்ணன் வீட்டு விருந்தில் குடிக்காமல் இருந்துவிட்டுத் தம்பி வீட்டில் குடித்தால், அண்ணன் மனம் வருந்துமே என்ற மரியாதைதான்! உள்ளே இருந்த வேலி அதற்குள் விழுந்துவிட்டது. அன்று அவரைக் காப்பாற்றியவர், உடன் வந்திருந்த முதியவர் காசிம் பேக். செய்தி கேட்டதும் அவர் ஆள் அனுப்பி இளவரசர்களைக் கண்டிக்க வைத்தார். வற்புறுத்தல் நின்றது.

ஒருமுறை தப்பினார். எப்போதும் தப்ப முடியவில்லை. 1519-ஆம் ஆண்டுக் குறிப்புகளில் விருந்துக்கு மேல் விருந்து வருகிறது. ஓரிரவு, கையில் தீவட்டியுடன் குதிரையைத் தலைதெறிக்க ஓட்டிக்கொண்டு கூடாரத்திற்கு வந்தார். காலையில் பிறர் சொல்லித்தான் அது அவருக்கே தெரிந்தது. நாற்பது வயதில் விட்டுவிடுவேன் என்று தமக்குத் தாமே தவணை வைத்திருந்தார். அதற்கு ஓராண்டுதான் இருக்கிறது என்று சொல்லி, அளவு மீறிக் குடித்தார். பின்னால் விடலாம் என்ற எண்ணமே இன்று குடிப்பதற்குக் காரணம் ஆயிற்று.

நாற்பதும் வந்தது, போயிற்று. 1527 பிப்ரவரி 25-இல், கான்வாப் போருக்குச் சற்று முன்னர், தம் 44-ஆம் வயதில், பாபர் தவ்பா செய்தார். பொன், வெள்ளிக் கோப்பைகளை உடைத்து ஏழைகளுக்கு வழங்கினார். கஜ்னியிலிருந்து ஒட்டகங்களில் வந்திருந்த மதுவில் உப்பைக் கொட்டிக் காடியாக்கச் செய்தார். மது கொட்டப்பட்ட இடத்தில் கிணறு வெட்டப் பணித்தார். ஏறத்தாழ 300 பேர் அவரோடு மதுவைத் துறந்தனர்.

பெரும் செயல்தான். அல்லாஹ்வின் வாசல் எவருக்கும் மூடியதில்லை. ஆனால் அதற்கு அவர் தந்த விலையையும் பாருங்கள். 1529-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இரண்டாண்டுகளாக மது விருந்தின் ஏக்கம் தம்மை அழுகையின் விளிம்புவரை கொண்டுவந்ததாகச் சொல்கிறார். பேரரசை வென்றவருக்கே அந்நிலை! அடுத்த ஆண்டு, 1530 டிசம்பரில், அவர் மறைந்தார்.

தவ்பா அவருடையது, வீட்டில் நுழைந்த பழக்கமோ வீட்டோடு தங்கியது. பேரர் அக்பரின் மக்கள் முராத் 1599-இலும் தானியால் 1605-இலும் குடியால் அழிந்தனர். மற்றொரு மகன் ஜஹாங்கீருக்கு முதல் கோப்பை எப்படி வந்தது? வேட்டையில் களைத்திருந்தபோது, களைப்பு நீங்கும் என்று ஒருவர் சொன்னார். ஒன்றரைக் கோப்பை இனிப்பு மதுவில் தொடங்கியது. சில ஆண்டுகளில் நாளொன்றுக்கு இருபது கோப்பை காய்ச்சி வடித்த சாராயம் என்றாயிற்று. கை நடுங்கியதால் பிறர்தாம் பிடித்துக் குடிக்க வைத்தனர்.

இதனாலன்றோ நம் மார்க்கம் குடிக்காதே என்பதோடு நிற்கவில்லை! அதிகம் அருந்தினால் போதை தருவது எதுவோ, அதில் சிறிதும் ஹராம் என்றது. ஊற்றுபவன், சுமப்பவன், விற்பவன் அனைவரையும் குற்றத்தில் சேர்த்தது. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்.

சட்டம் மாறும். நம் மாநிலம் முழுவதும் 1948 அக்டோபர் 2 முதல் மதுவிலக்கு இருந்தது. 1971-இல் அது தளர்ந்தது. 2003 முதல் அரசே சில்லறையில் விற்கிறது. வீட்டு வேலி மாறக்கூடாது.

ஆகவே பெற்றோரே, பிள்ளையைக் காவிரிக் கரைக்குப் படிக்க அனுப்பும்போது சில காரியங்களைச் செய்யுங்கள். விடுதிக்கு அருகிலுள்ள பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று, இமாமிடமும் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரிடமும் நேரில் ஒப்படையுங்கள். அவர்தாம் உங்கள் பிள்ளையின் காசிம் பேக். மதுவானாலும் கஞ்சாவானாலும் போதை மாத்திரையானாலும், நண்பன் நீட்டும்போது முகம் முறியாமல் மறுப்பது எப்படி என்று வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். அந்த விரிப்பிலிருந்து எழுந்து வந்துவிடுவது கோழைத்தனம் அன்று என்றும் சொல்லுங்கள். முக்கியமாக, உமர் ஷேக்கைப் போல நாமே கெட்ட முன்மாதிரி ஆகாதிருப்போம்.

முதல் கோப்பையை மறுக்க ஒரு நிமிட உறுதி போதும். கடைசிக் கோப்பையை வைக்க ஒரு பாதுஷாவுக்கே பல ஆண்டுகள் ஆயின. வல்ல நாயன் நம் பிள்ளைகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.