பசியையே ஸ்டைல் ஆக்கிய இயக்குநர்: யார் இந்த கிளாபர் ரோச்சா?

25 வயதில் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் படம். 30 வயதில் அதே விழாவில் சிறந்த இயக்குநர் விருது. 42 வயதில் மரணம். பிரேசில் இயக்குநர் கிளாபர் ரோச்சாவின் கரியரை இப்படி மூணே வரியில் சொல்லிவிடலாம். ஆனால், கையில் காசு இல்லாத ஒருவர் எப்படி அவ்வளவு சீக்கிரம் அங்கே போனார்? அந்த உயரத்தில் இருந்தவர் கடைசியில் ஏன் தனியாளாக நின்றார்?

தொடக்கம் எங்கே?

1939 மார்ச் 14 அன்று, பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் உள்ள விட்டோரியா டா கொன்கிஸ்டா என்ற ஊரில் பிறந்தார். சட்டப் படிப்பில் சேர்ந்து பாதியிலேயே விட்டுவிட்டார். பத்திரிகை வேலை, சினிமா விமர்சனம், குறும்படம் என்று படிப்படியாக உள்ளே வந்தார். முதல் முழுநீளப் படமான 'பாரவென்ட்டோ'வை வேறொருவர்தான் இயக்கத் தொடங்கினார். பாதியில் அது ரோச்சாவின் கைக்கு வந்தது. மீனவர் கிராமத்தைப் பற்றிய அந்தப் படம் 1962இல் கார்லோவி வாரி விழாவில் விருது பெற்றது.

காசு இல்லாமல் எப்படிப் படம் எடுத்தார்?

அதற்கு முன்பே பிரேசிலில் ஒரு பெரிய முயற்சி நடந்து தோற்றிருந்தது. சாவோ பாலோவில் 1949இல் தொடங்கிய வேரா குரூஸ் ஸ்டுடியோ, ஹாலிவுட் பாணியில் பளபளப்பான படங்களை எடுக்கப் பார்த்து, 1954இல் திவாலானது. ரோச்சாவும் நண்பர்களும் நேர் எதிர்ப் பக்கம் போனார்கள். ஸ்டுடியோ வேண்டாம், செட் வேண்டாம். ஒரு கேமராவும் சொல்ல ஒரு விஷயமும் இருந்தால் போதும் என்றார்கள். 'சினிமா நோவோ', அதாவது புதிய சினிமா இயக்கம், இப்படித்தான் வளர்ந்தது.

1963இல் பாஹியாவின் வறண்ட மலையூரான மோன்டே சான்டோவில் 'பிளாக் காட், ஒயிட் டெவில்' படத்தை எடுத்தார். ஏமாற்றிய முதலாளியைக் கொன்றுவிட்டு மனைவியோடு ஓடும் ஒரு மாட்டுக்காரனின் கதை அது. முதலில் ஒரு சாமியாரிடமும் பிறகு ஒரு கொள்ளைக்காரனிடமும் அவன் விடிவு தேடுகிறான். கையில் பிடித்த கேமரா, கண் கூசும் வெயில், கூட்டத்தில் உள்ளூர் மக்கள். பட்ஜெட் குறைபாடு என்று ஒதுக்கியிருக்க வேண்டியதெல்லாம் படத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

1964 மே மாதம் படம் கான் விழாவுக்குப் போனது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது.

'பசியின் அழகியல்' என்றால் என்ன?

1965இல் இத்தாலியின் ஜெனோவாவில் ரோச்சா முன்வைத்த கட்டுரை அது. லத்தீன் அமெரிக்காவின் பசியை ஐரோப்பியர்கள் ஒரு வேடிக்கைப் பொருளாகப் பார்க்கிறார்கள். எங்கள் ஆட்களோ அதைச் சொல்லவே வெட்கப்படுகிறார்கள் என்பது அவர் வாதம். பசியைப் பற்றிய படம் அழகாக, சொகுசாக இருக்கக் கூடாது. பார்ப்பவரை அது தொந்தரவு செய்ய வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், படமே பசியோடு இருக்கணும்.

ராணுவம் சும்மா இருந்ததா?

இல்லை. 1965 நவம்பரில், ரியோவில் ஒரு சர்வதேச மாநாட்டு வாசலில் ஆட்சிக்கு எதிராகப் போராடியதால் கைதானார். 1967இல் 'என்ட்ரான்ஸ்ட் எர்த்' படத்தைத் தணிக்கைத் துறை தடை செய்தது. பெயரில்லாமல் வரும் பாதிரியார் பாத்திரத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்ற விநோதமான நிபந்தனையோடு பிறகு அனுமதி கிடைத்தது. அதே படம் கானில் விமர்சகர்கள் விருதை வாங்கியது. 1969இல் 'அந்தோனியோ தாஸ் மோர்ட்டஸ்' அவருக்குச் சிறந்த இயக்குநர் விருதைத் தந்தது. கூலிக் கொலையாளி ஒருவன் ஏழைகள் பக்கம் திரும்பும் கதை.

வெளியே புகழ் கூடியது. உள்ளே அடக்குமுறை இறுகியது. 1971இல் நாட்டை விட்டு வெளியேறினார்.

எங்கே திரும்பியது வாழ்க்கை?

கியூபா, இத்தாலி என அலைந்தார். 1974இல் புதிய ராணுவ அதிபரையும் அவருடைய ஆலோசகரையும் புகழ்ந்து எழுதினார். சிறையும் சித்திரவதையும் பார்த்த இடதுசாரி நண்பர்களால் இதைத் தாங்க முடியவில்லை. ராணுவத்தின் சந்தேகமும் தீரவில்லை. ஆக, இரண்டு பக்கமும் அவருக்கு இடம் இல்லாமல் போனது.

1976இல் நாடு திரும்பினார். ஓவியர் டி கவல்கான்டியின் இறுதிச் சடங்கை வைத்து எடுத்த குறும்படம் 1977இல் கானில் விருது பெற்றது. ஆனால் ஓவியரின் குடும்பம் நீதிமன்றம் போக, அது பிரேசிலில் தடையானது. அதே ஆண்டு, நடிகையான தங்கை அனேசி விபத்தில் இறந்தார். 1980இல் 'தி ஏஜ் ஆஃப் தி எர்த்' வெனிஸ் விழாவில் வெறுங்கையோடு திரும்பியது. ரோச்சா அங்கேயே கொந்தளித்தார். அதுவே கடைசிப் படம்.

போர்ச்சுகலில் இருந்தபோது உடல்நிலை மோசமாகி ரியோவுக்குக் கொண்டுவரப்பட்டார். 1981 ஆகஸ்ட் 22 அன்று இறந்தார்.

இன்று என்ன மிச்சம்?

மகனின் காகிதங்களையும் படங்களையும் பல்லாண்டு காலம் பாதுகாத்தவர் தாய் லூசியா. மார்ட்டின் ஸ்கார்செஸி போன்றவர்கள் ரோச்சாவின் ரசிகர்கள். 2022இல் 'பிளாக் காட், ஒயிட் டெவில்' 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் கானில் திரையானது. முதல் திரையிடலுக்கு 58 ஆண்டுகள் கழித்து. அந்தக் கண் கூசும் வெயிலை மட்டும் யாரும் திருத்தவில்லை.