திருக்காவலூரில் ஓதப்பெற்ற மறை

நம் கங்கைகொண்ட சோழபுரத்திற்குத் தென்மேற்கே, கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டி ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் உள்ளது. இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே நகரில் 1680ஆம் ஆண்டு பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, வீரமாமுனிவராக நின்று இவ்வூருக்குச் சூட்டிய பெயரே திருக்காவலூர். அவ்வூர் அடைக்கல அன்னைமீது அவர் பாடிய கலம்பகத்தால் அப்பெயர் இலக்கியத்தில் நிலைபெற்றது.

1698இல் இயேசு சபை புகுந்த அவர், 1710இல் கோவாவில் இறங்கி, பின்னர் மதுரை மிசன் பணிக்கு வந்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றார் என்பர். அவரைப் பற்றிய கதைகள் பல. அவற்றை விடுத்து, மறைநூலை அவர் போற்றிய திறத்தையே ஈண்டுக் காண்போம்.

காப்பியங்களையும் புராணங்களையும் ஒருவர் படிக்க, பலர் கூடியிருந்து கேட்பது இந்நாட்டு வழக்கம். அச்செவிகளுக்கேற்ப விவிலிய வரலாறுகளைக் காப்பியமாகவே தர முனைந்தார் முனிவர். 1726இல் முற்றுப்பெற்ற தேம்பாவணி மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாடல்கள் கொண்டது. சூசையப்பரின் வாழ்வே அதன் கதை. பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகள் அதனுள் கிளைக்கதைகளாக விரிகின்றன. பெயர்களையும் அவர் வெறுமனே ஒலிபெயர்க்கவில்லை. யோசேப்பு என்பதன் பொருள் பெருக்கம். ஆகவே அவர் வளன் ஆனார். அருளைக் குறிக்கும் பெயருடைய யோவான் கருணையன் ஆனார். வேற்றுநாட்டு மறை தமிழ்க் காதுக்கு உறுத்தக் கூடாது என்பதில் அவருக்கிருந்த கவலை அத்தகையது.

அக்கவலையே சினமாகவும் வெளிப்பட்டதுண்டு. 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சேறிய சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டுத் தமிழை அவர் கடுமையாக எள்ளினார். சமயப் பூசலின் வெம்மை அதிலுண்டு. ஏளனம் அளவு மீறியது என்றே கருதுகிறேன். முழு விவிலியத்தையும் முனிவர் தமிழில் பெயர்த்துத் தரவில்லை. புதிய ஏற்பாட்டை எளியோர் கைக்குக் கொணர்ந்தவர் அவரால் எள்ளப்பெற்றவரே. ஆயினும், மறைநூலுக்குத் தகுதியான மொழி வேண்டும் என்ற அவர் வாதத்தைப் புறந்தள்ளவும் இயலாது.

தேம்பாவணியின் செந்தமிழ் உழவர் குடிசைக்கு எட்டாது என்பதை முனிவர் அறிந்தே இருந்தார். குருமார் எப்போதோ ஒருமுறை வந்து போகும் ஊர்களில் செபம் சொல்லி, மறை கற்பித்து, மக்களை நடத்தியவர்கள் வேதியர் எனப்பட்ட உபதேசியார்களே. அவர்களுக்காக 1727இல் வேதியர் ஒழுக்கத்தைத் தெளிந்த உரைநடையில் எழுதினார். மறையை எடுத்துரைப்பவன் முதலில் அதன்வழி வாழ்பவனாக இருத்தல் வேண்டும் என்பதே அந்நூலின் உயிர். தேம்பாவணியைப் பாடமாகக் கற்கும் மாணவருள் பலர் இதைத் திறந்தும் பார்ப்பதில்லை. தமிழ் உரைநடை வரலாற்றிற்கு அஃது ஓர் இழப்பு.

படிப்பவர் இடறாதிருக்க அவர் செய்த இன்னொரு பணி எழுத்தைப் பற்றியது. அந்நாளில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடுவது இலக்கண விதி. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று எழுதுவோர் அதனை விட்டுவிடுவர். அதனால் மெய் என்பதும் மேய் என்பதும் ஒரே வடிவில் நிற்கும். இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும். முனிவர் நெடிலின் கொம்பை மேலே சுழித்து வேறுபடுத்தினார். அந்தச் சிறு சுழி இன்று தமிழ் எழுதும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

1730இல் தொன்னூல் விளக்கமும் 1732இல் சதுரகராதியும் வந்தன. 1747இல் முனிவர் மறைந்தார். அவருடைய காப்பியம் நூறாண்டுக்கும் மேலாக ஏட்டிலேயே படிக்கப்பெற்று, 1851 முதல் புதுவையில் அச்சேறியது. ஏலாக்குறிச்சி வட்டாரத்தில் அடைக்கலம், அடைக்கலமேரி என்று பிள்ளைகளுக்குப் பெயரிடும் வழக்கம் இன்றும் உண்டு.