சருகுக் குவியல்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1864 வாக்கில் அடிமைத் தாயின் மகனாகப் பிறந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். கறுப்பினத்தவர் என்று ஒரு கல்லூரி அவரைத் திருப்பி அனுப்பியது. பிறர் துணி வெளுத்து வயிற்றைக் கழுவியபடியே படித்து, 1894இல் அயோவாவில் வேளாண்மைப் பட்டம் பெற்றார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என் போன்றோர்க்கு அவர் அயலவர் அல்லர்.

1896இல் அலபாமாவின் டஸ்கீகி நிறுவனத்தில் ஆசிரியரானார். ஆய்வுக்கூடத்தில் கருவிகள் இல்லை. மாணவர்களுடன் குப்பைமேடுகளைக் கிளறி, சீசாக்களையும் பழைய பாத்திரங்களையும் பொறுக்கிவந்து கருவிகள் செய்துகொண்டார்! சுற்றிலும் பருத்தி விளைந்து விளைந்தே சத்திழந்த நிலம். உழவர்களோ கடனில் மூழ்கிய குத்தகையாளர்கள். உரத்திற்குக் காசு ஏது? காட்டுச் சருகையும் சதுப்புநிலச் சேற்றையும் மட்கவைத்து இடச் சொன்னார். தட்டைப்பயறு விதைக்கச் சொன்னார். அதன் வேர்முடிச்சு நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதை நாமும் பாடத்தில் படிக்கிறோமே! வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் போடவும் வற்புறுத்தினார். போர்க்காலமான 1942இல், களையென்று பிடுங்கி எறியும் கீரைகளைச் சமைக்கும் விதத்தைச் சிறு நூலாக எழுதினார்.

நிலக்கடலையால் அவரை உலகம் அறியும். எனக்கோ அந்தச் சருகுக் குவியலே பெரிது. 1943 சனவரி 5இல் மறைந்தார். சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த ஏறக்குறைய 60,000 டாலர், அவர் நிறுவிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சேர்ந்தது.