இருநூறும் இராமானுஜரும்

இராமானுஜரின் பெயரை நம் குடியிருப்புச் சிறுவரும் அறிவர். ஆயின் அவர் கண்டது யாது என்று அவர்கள் வினவினால், பெரியோராகிய நாமே தயங்குகின்றோம். ஆதலின், ஒரேயோர் எண்ணின் வாயிலாக அவர்தம் வாழ்வை ஈண்டு நினைவுகூர்வோம்.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வை மாற்றிற்று. 1914 மார்ச்சில் மனைவி ஜானகியைத் தாயகத்தில் விட்டுக் கப்பலேறினார்.

அங்கே அவரை ஈர்த்தவற்றுள் ஒன்று எண் பிரிவினை. நான்கு பழங்களை எத்தனை விதமாகக் குவியல்களாக்கலாம்? நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், தனித்தனி நான்கு. ஆக, 5 விதம். பத்துக்கு 42 விதம். நூற்றுக்கோ 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292.

இருநூற்றுக்கு? மேஜர் மக்மஹோன் என்னும் அறிஞர், முன்னெண்களின் விடைகளைக் கூட்டியும் கழித்தும், படிப்படியாகக் கையாலேயே கணக்கிட்டார். விடை 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388. ஹார்டியும் இராமானுஜரும் கண்ட சூத்திரமோ, எட்டே உறுப்புகளில் இதே எண்ணைத் தந்தது. வேறுபாடு ஆயிரத்தில் நான்கு பங்கே! 1918இல் வெளியான இம்முறை, பின்னர் எண்ணியலின் பெருங்கருவியாயிற்று. மக்மஹோனின் அட்டவணையை நோக்கிய இராமானுஜர், 4, 9, 14, 19 என ஐந்தைந்தாய் ஏறும் எண்களின் விடைகளாகிய 5, 30, 135, 490 ஆகியவை யாவும் ஐந்தால் வகுபடுவதைக் கண்டு, அது என்றும் பொய்க்காதென நிறுவினார்.

அதே 1918இல் இராயல் சொசைட்டியும் டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தத்தம் உறுப்பினராக்கின. ஆனால் உடல் தளர்ந்துவிட்டது. போர்க்காலத்தில் மரக்கறி உணவு அரிதாயிற்று; குளிர் வாட்டியது. மருத்துவர் காசநோய் என்றனர்; கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாயிருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் கருத்து. 1919இல் தாயகம் திரும்பிய அவர், படுக்கையிலும் புதுக்கணிதம் எழுதி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் 32ஆம் வயதில் மறைந்தார்.

ஜானகி அம்மையார் சில ஆண்டுகள் பம்பாயில் சகோதரர் இல்லத்தில் தங்கித் தையல் கற்றார்; பின் சென்னை திருவல்லிக்கேணியில் அத்தொழிலாலேயே தம் காலில் நின்று, 1994 வரை வாழ்ந்தார். அவ்வெண்ணுக்குக் கொடுத்த விலையில் அவர் பங்கும் உண்டென்பதை நாம் மறத்தலாகாது.

நம் சிறுவர் ஒன்பது புளியங்கொட்டைகளை எடுத்துக் குவித்துப் பார்க்கட்டும். விடுபடாமலும் இரட்டிக்காமலும் எண்ணினால் முப்பது வரும். அம்முப்பதும் ஐந்தால் வகுபடும்.