ஸ்மிர்னாவுக்குத் திரும்பிய கப்பல்

மத்தியதரைக் கடலின் தீவுகளை ஒரு வாரம் ஆடம்பரமாகச் சுற்றிப் பார்க்க விரும்பும் பெரும் பணக்காரர்களுக்கு இன்று வாடகைக்குக் கிடைக்கும் கப்பல்களில் ஒன்று ‘கிறிஸ்ரினா ஓ’. மாலுமிகள், சமையற்காரர்கள், பரிசாரகர்கள் எல்லோரும் கப்பலோடு சேர்ந்தே வருவார்கள். விருந்தினர் 34 பேர் தங்கலாம். அவர்களைக் கவனிக்கும் பணியாளர்களின் தொகை அதைவிடச் சற்றுக் கூட. ஒரு வாரத்துக்கான வாடகை பல இலட்சம் யூரோ. காசு உள்ளவர்கள் போகட்டும். எனக்கு அந்தக் கப்பலில் அக்கறை வந்தது அதன் முதல் எஜமானரால்தான். 16 வயதில், எரிந்துகொண்டிருந்த ஒரு நகரத்திலிருந்து தப்பிய அகதி அவர்.

அரிஸ்ரோட்டில் ஒனாசிஸ் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஜோன் கென்னடியின் விதவையை மணமுடித்த கிழட்டுக் கோடீஸ்வரர்தான். நானும் சிறுவயதில் பழைய சஞ்சிகைகளில் அப்படித்தான் அவரைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி, கையில் சுருட்டு, பக்கத்தில் ஒரு பிரபலம். அந்தப் படங்களில் ஸ்மிர்னா இல்லை.

ஸ்மிர்னா இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படுகிறது. கிரேக்கர், துருக்கியர், ஆர்மேனியர், யூதர், ஐரோப்பிய வணிகக் குடும்பங்கள் எல்லோரும் நெருங்கி வாழ்ந்த துறைமுக நகரம் அது. ஒனாசிஸ் 1906ஆம் ஆண்டு அங்கே பிறந்தார். தந்தை சோக்கிரட்டீஸ் வசதியான புகையிலை வியாபாரி. ஆறு வயதில் தாய் பெனலோப்பி இறந்துவிட, பேரனைப் பெரும்பாலும் வளர்த்தவர் அப்பம்மாதான்.

முதலாம் உலகப் போரில் ஒட்டோமன் பேரரசு தோற்றதும் வல்லரசுகளின் ஆசீர்வாதத்துடன் 1919 மே மாதம் கிரேக்கப் படை ஸ்மிர்னாவில் இறங்கியது. இறங்கிய நாளிலேயே துருக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மூன்று ஆண்டுகள் இரு பக்கமும் கொடுமை நடந்தது. தோற்றுப் பின்வாங்கும்போது கிரேக்கப் படை வழியிலிருந்த ஊர்களை எரித்தது. இதைச் சொல்லாமல் அடுத்ததை மட்டும் சொன்னால் அது நேர்மையாகாது. 1922 செப்டெம்பர் 9ஆம் திகதி முஸ்தபா கெமாலின் படை நகருக்குள் நுழைந்தது. 13ஆம் திகதி தீ மூண்டது. ஆர்மேனியர், கிரேக்கர் வாழ்ந்த பகுதிகள் எரிந்து அழிந்தன. துருக்கியரும் யூதரும் வாழ்ந்த பகுதிகள் தப்பின. இலட்சக்கணக்கான சனம் முன்னால் கடலும் பின்னால் நெருப்புமாகக் கடற்கரை வீதியில் நெரிபட்டு நின்றது.

துறைமுகத்தில் பிரித்தானிய, பிரெஞ்சு, இத்தாலிய, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இருபதுக்கும் மேல் நின்றன. நடுநிலை பேண வேண்டும், தத்தம் நாட்டவரை மட்டுமே ஏற்ற வேண்டும் என்பதுதான் அவற்றுக்கு முதலில் கிடைத்த கட்டளை. கரையிலிருந்து வந்த ஓலம் கேட்காமலிருக்கக் கப்பலொன்றில் இசைத்தட்டுப் போட்டார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தீயைக் கண்ட பிறகுதான் பிரித்தானியக் கடற்படைத் தளபதி மனம் மாறிப் படகுகளை இறக்கினார். கடற்கரையில் நின்று கப்பலை எதிர்பார்ப்பது எப்படிப்பட்டது என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஒனாசிஸ் குடும்பத்தின் வீடு நகருக்குச் சற்றுத் தள்ளி, கரதாஷ் என்ற இடத்தில் இருந்ததால் எரியாமல் தப்பியது. ஆனால் தந்தையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறிய தந்தை ஒருவர் தூக்கிலிடப்பட்டார். அத்தை ஒருவர் கணவரோடும் பிள்ளையோடும் தேவாலயமொன்றுக்குள் எரிந்துபோனதாகக் குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். 18 முதல் 45 வயது வரையான ஆண்களைப் பிரித்து உள்நாட்டுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் திரும்பவில்லை. ஒனாசிஸைக் காப்பாற்றியது அவரது வயது. வீட்டைத் தனதாக்கிக்கொண்ட துருக்கிய அதிகாரிக்கு மதுபானம் தேடிக் கொடுத்தும், அமெரிக்கத் துணைத் தூதருடன் பழகியும், கடைசியில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் ஏறி அவர் லெஸ்போஸ் தீவுக்குத் தப்பிச் சென்றார். பின்னாளில் இந்தக் கதையை அவர் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார். வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் அதனால் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது பெரிய புதிராகத் தெரியவில்லை. இப்படியானவற்றை ஒரே மாதிரித் திருப்பித் திருப்பிச் சொல்லக்கூடியவர்கள் குறைவு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. காசை வாரி இறைத்துத் தந்தையை மீட்டார்கள். ஏதென்ஸில் குடும்பம் ஒன்றுசேர்ந்தது. ஆனால் மீட்புக்குக் கூடுதலாகச் செலவழித்துவிட்டான் என்று உறவினர்கள் அந்தப் பொடியனிடம் கணக்குக் கேட்டார்கள். தந்தையும் அவர்கள் பக்கம் நின்றார். ஊரை இழந்து வந்த குடும்பங்களில் பாசத்துக்கும் பணத்துக்கும் நடுவே இப்படியான முறிவுகள் வருவது புதுமையல்ல. ஒனாசிஸ் வெளிக்கிட்டுவிட்டார். நாடற்றோருக்கான நன்சன் கடவுச்சீட்டுடன், கையில் சில நூறு டொலருடன், குடியேறிகளை ஏற்றிய கப்பலில் 1923 செப்டெம்பரில் பியூனஸ் அயர்ஸில் இறங்கினார். அதே ஆண்டில்தான் லோசான் ஒப்பந்தப்படி துருக்கியும் கிரேக்கமும் சனங்களை மாற்றிக்கொண்டன. பத்து இலட்சத்துக்கும் அதிகமான கிறிஸ்தவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள், ஏறக்குறைய நான்கு இலட்சம் முஸ்லிம்கள் அந்தப் பக்கம் போனார்கள். அரசின் அனுமதியின்றி யாரும் திரும்பிப் போய் வாழ முடியாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

ஆர்ஜென்டீனாவில் வேலைக்காகத் தன் வயதை ஆறு ஆண்டு கூட்டிக் காட்டினார். ஸ்மிர்னாவில் சிறுவனாக இருந்ததால் பிழைத்தவர், இங்கே பெரியவனாகிப் பிழைத்தார். தொலைபேசி நிறுவனமொன்றில் இரவுநேர வேலை, பகலில் வியாபாரம். கீழைத்தேயப் புகையிலையைத் தந்தை மூலம் தருவித்து விற்றார். தந்தையோடு பகை ஆறியதும் இந்தப் புகையிலையால்தான். உலகம் பொருளாதார மந்தத்தில் கிடந்த 1932 வாக்கில், கனடாவில் சும்மா கட்டிக்கிடந்த ஆறு சரக்குக் கப்பல்களைத் தலா 20,000 டொலருக்கு வாங்கினார். பிறகு எண்ணெய்க் கப்பல்கள். பனாமா போன்ற நாடுகளின் கொடியை ஏற்றினால் வரியும் குறைவு, தொழிலாளர் சட்டமும் தளர்வு என்பதை முந்திக் கண்டுகொண்டவர்களில் அவரும் ஒருவர். 1956இல் சுயஸ் கால்வாய் மூடப்பட்டபோது, வேலையில்லாமல் நின்ற அவரது எண்ணெய்க் கப்பல்களுக்கு ஒரே இரவில் கிராக்கி வந்தது. ஊருக்கெல்லாம் நெருக்கடி, அவருக்குக் கொள்ளை இலாபம்.

அவரை நல்லவர் என்று நிறுவ நான் இதை எழுதவில்லை. போரில் மிஞ்சிய அமெரிக்கக் கப்பல்களைப் பினாமி நிறுவனம் மூலம் வாங்கியதற்காக வழக்கில் மாட்டி 70 இலட்சம் டொலர் கட்டித் தப்பினார். திமிங்கில வேட்டையில் அவரது கப்பல்கள் விதிகளைக் கால்தூசுக்கும் மதிக்கவில்லை. கிரேக்கத்தில் இராணுவ ஆட்சி வந்தபோது அந்தச் சர்வாதிகாரியோடும் பேரம் பேசினார். நகரம் எரிந்ததைக் கண்ணால் கண்டவர் அதிகாரத்தை வெறுக்கக் கற்கவில்லை. அதன் பக்கத்தில் நிற்கக் கற்றார்.

அந்தக் கப்பலும் பிறப்பால் ஆடம்பரக் கப்பல் அல்ல. 1943இல் மொன்ரியலில் நீரில் இறக்கப்பட்ட ‘ஸ்ரோர்மொன்ட்’ என்ற கனடியப் போர்க்கப்பல் அது. அத்திலாந்திக்கில் கப்பல் தொடரணிகளுக்குக் காவல் போனது, நோர்மண்டித் தரையிறக்கத்துக்குத் துணை நின்றது. போர் முடிந்ததும் பழைய இரும்பு விலையாக 34,000 டொலருக்கு அதை வாங்கிய ஒனாசிஸ், ஜேர்மனியின் கீல் துறைமுகத்தில் ஏறக்குறைய 40 இலட்சம் டொலர் செலவழித்து மாற்றியமைத்து, 1954இல் மகளின் பெயரைச் சூட்டினார். நீளம் 99 மீற்றர். நீச்சல் தடாகத்தின் தளத்தில் பழைய கிரீற் தீவின் காளை விளையாட்டு ஓவியம் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் தளம் மேலெழுந்து நடன மேடையாகும். மதுக்கூடத்துக் கதிரைகளுக்குத் திமிங்கிலத்தின் ஆணுறுப்புத் தோல் போர்த்தப்பட்டிருந்தது. சீமாட்டிகளை அதில் இருத்திவிட்டு அதைச் சொல்லிச் சிரிப்பதில் அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம். கைபிடிகள் திமிங்கிலப் பல்லில் செதுக்கப்பட்டவை. பத்து வருடம் வீடு திரும்பமுடியாமல் கடலில் அலைந்த ஒடிசியசின் காட்சிகள் அவற்றில் இருந்தன. விருந்தினர் அறைகளுக்குக் கிரேக்கத் தீவுகளின் பெயர்கள். மேல்தளத்தில் நீரிலும் இறங்கக்கூடிய சிறு விமானம் ஒன்றும் நின்றது.

இந்தக் கப்பலின் பெருமைக்குரிய விருந்தாளி வின்ஸ்டன் சேர்ச்சில். 1958இலிருந்து ஐந்தாறு ஆண்டுகளில் எட்டுத் தடவை அதில் பயணம் செய்தார். முதுமையில் தளர்ந்துபோன அந்த மனிதரை ஒனாசிஸ் மகனைப்போலப் பார்த்துக்கொண்டார். சீட்டாட்டத்துக்குத் துணை இருப்பார், தன் கையாலேயே உணவும் ஊட்டுவார்.

1959 ஜூலையில் மொன்ரே கார்லோவிலிருந்து புறப்பட்ட பயணம்தான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சேர்ச்சில், அவரது மனைவி, மகள் டயானா, வைத்தியர், செயலாளர், கூட்டில் ஒரு கிளி. அவர்களோடு பாடகி மரியா கலாசும் அவரது கணவரும். மூன்று கிழமைப் பயணம். பொர்ற்றோபினோ, காப்ரி, பிறகு கொரிந்து கால்வாய், டெல்பி என்று கப்பல் கிழக்கே போனது. அந்தப் பயணத்தில்தான் ஒனாசிசும் கலாசும் நெருங்கினார்கள், இரண்டு கல்யாணங்கள் உடைந்தன. இதைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆகவே நான் எழுதவில்லை.

கப்பல் இஸ்மிருக்கும் போனது. அதை எழுதியவர்கள் ஒன்றிரண்டு வரியோடு கடந்துபோகிறார்கள். ஒனாசிஸ் விருந்தினர்களை இறக்கித் தான் வளர்ந்த இடங்களைக் காட்டினார்.

1922இல் அந்தத் துறைமுகத்தில் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் கட்டளைக்குக் காத்து நின்றபோது, லண்டனில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக இருந்தவர் சேர்ச்சில். கிரேக்கரைத் துருக்கிக்குள் ஊக்கி அனுப்பிய லொயிட் ஜோர்ஜின் அரசாங்கம் அது. சேர்ச்சில் அந்தக் கொள்கையை உள்ளுக்குள் எதிர்த்தவர் என்பதும் உண்மை, அந்த அமைச்சரவையிலேயே இருந்தார் என்பதும் உண்மை. 37 ஆண்டுகளின் பின் அதே குடாவில், அதே கடற்கரைக்கு முன்னால், அன்றைய அகதிப் பொடியன் அன்றைய அமைச்சரைத் தன் சொந்தக் கப்பலில் கொண்டுவந்து நிறுத்துகிறான். இருவரும் அன்று அதைப் பற்றிப் பேசினார்களா? பேசியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். விருந்தோம்பலில் அதற்கு இடமில்லை.

இன்னொன்றும் சொல்லப்படுவதுண்டு. டாடனெல்ஸ் நீரிணையைக் கப்பல் இரவில் கடக்கும்படி ஒனாசிஸ் ஏற்பாடு செய்தாராம். 1915இல் கலிப்பொலியில் சேர்ச்சிலின் திட்டம் தோற்றுப் பல்லாயிரம் பேர் மாண்ட இடம் அது. கிழவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக அந்தக் கவனம். சேர்ச்சிலின் காயம் இருளில் கடந்துபோனது. ஒனாசிஸின் காயத்தைப் பட்டப்பகலில் சுற்றிக் காட்டினார்கள். அவர் பெருமைக்காகக் காட்டினாரா, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாரா? இரண்டும் இருந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து, இப்போது வேறு யாரோ இருக்கும் தங்கள் வீட்டு வாசலில் பிள்ளைகளோடு நின்று, அந்தா அதுதான் கிணறு என்று கைநீட்டிக் காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களின் குரலிலும் இரண்டும் இருந்தது.

அதன்பிறகு வந்த ஆண்டுகளைச் சுருக்கிச் சொல்லலாம். அயோனியக் கடலில் ஸ்கோர்பியோஸ் என்ற குட்டித் தீவை வாங்கினார். 1963 ஒக்டோபரில், கைக்குழந்தையை இழந்திருந்த ஜக்குலின் கென்னடி அதே கப்பலில் ஆறுதல் தேடி வந்தார். அடுத்த மாதம் கணவரையும் இழந்தார். 1968இல் ஸ்கோர்பியோசில் ஒனாசிசுக்கும் ஜக்குலினுக்கும் திருமணம். அது இருவருக்கும் சந்தோஷம் தரவில்லை.

1973 ஜனவரியில் மகன் அலெக்சாண்டர் ஏதென்ஸ் விமான நிலையத்தில் விபத்துக்குள்ளாகி மறுநாள் இறந்தார். வயது 24. கப்பலின் மேல்தளத்தில் நின்ற அதே வகைச் சிறு விமானம்தான் விழுந்தது. அது சதி என்று தந்தை நம்பினார், தகவல் தருவோருக்குப் பெரும் பரிசு அறிவித்தார். எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று யாராவது சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டிருந்த இரண்டு வருடங்களில் அந்த மனிதர் உருக்குலைந்துபோனார். தசைகள் செயலிழக்கும் நோய் வேறு. கண்ணிமையைத் தூக்கி வைக்க ஒட்டுநாடா ஒட்டினார். 1975 மார்ச் 15ஆம் திகதி பரிஸ் வைத்தியசாலையில் இறந்தார். சொத்தில் ஏறக்குறைய பாதியை மகனின் பெயரில் ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்திருந்தார்.

மகள் கிறிஸ்ரினா கப்பலைக் கிரேக்க அரசுக்குக் கொடுத்துவிட்டார். அரசு அதற்கு ‘ஆர்கோ’ என்று பெயர் மாற்றி, துருப்பிடிக்க விட்டது. 1998இல் கிரேக்கக் கப்பல் முதலாளி ஒருவர் வாங்கிப் புதுப்பித்தார். பழைய பெயரோடு ஓர் ‘ஓ’ சேர்ந்தது அப்போதுதான்.

கிறிஸ்ரினா 1988இல், தந்தை அகதியாக இறங்கிய அதே ஆர்ஜென்டீனாவில், 37 வயதில் இறந்தார். ஸ்கோர்பியோசில் சிறிய தேவாலயத்தின் அருகே தகப்பன், மகன், மகள் மூவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 2013இல் தீவு ரஷ்யக் கோடீஸ்வரக் குடும்பமொன்றின் கைக்கு மாறியது.