தில்லையாடி வள்ளியம்மை: தியாகி என்ற சொல்லுக்கு அப்பால்

படப்பையை உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் 1860 முதல் ஒப்பந்தக் கூலிகள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதிக்கப்பட்டது. பெண்களும் அதற்கு விலக்கல்லர்.

வள்ளியம்மையின் குடும்பம் ஒப்பந்தக் கூலிக் குடும்பமன்று. தில்லையாடி அவரது பூர்விக ஊர். 1898 பிப்ரவரி 22 அன்று அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தந்தை முனுசாமி முதலியார் சிறுவணிகர். 1913 மார்ச்சில், கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லாவென கேப் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை வீட்டிலிருந்த பெண்களும் அதன்பின் போராட்டக் களத்திற்கு வந்தனர்.

அவ்வாண்டு அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து 11 பெண்கள், அவர்களுள் 6 பேர் கைக்குழந்தைகளோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, தலைவரியை எதிர்த்து வேலையை நிறுத்துமாறு தொழிலாளரிடம் பேசினர். அங்கு மூண்ட வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. பெண்கள் மூன்று மாதக் கடுங்காவல் பெற்றனர். டிசம்பரில் வள்ளியம்மையும் தாயுடன் சிறை புகுந்தார். மாரிட்ஸ்பர்க் சிறையில் பற்றிய காய்ச்சல் விடுதலைக்குப் பின்னும் தணியவில்லை. 1914 பிப்ரவரி 22 அன்று, தம் 16ஆம் பிறந்தநாளிலேயே, அவர் இறந்தார். அவ்வாண்டே தலைவரி நீக்கப்பட்டது.

வரலாறு அவரை மறக்கவில்லை. தில்லையாடியில் நினைவு மண்டபம் உண்டு. 2008இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது. ஆனால் அது நினைவில் வைத்திருப்பது நோயுற்று இறந்த ஒரு சிறுமியை மட்டுமே. சுரங்கத் தொழிலாளரைத் திரட்டிய பெண்களோ, காந்தி தந்த பட்டியலிலேயே பெரும்பாலும் இன்னாரின் மனைவியர் என்றுதான் இடம்பெற்றனர். அதே 1913இல் புளூம்ஃபொண்டெயினில் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்ற கறுப்பினப் பெண்களைப் பற்றி நம் பாடநூல்கள் பேசுவதேயில்லை. உயிர் துறந்த பெண்ணைப் போற்றும் வரலாறு, அணிதிரட்டிய பெண்ணின் அரசியலைக் காணத் தவறுகிறது.

இது பழங்கதையன்று. 2021 டிசம்பரில் விடுதி உணவு உண்டு சக தொழிலாளர்கள் நோயுற்றபோது, திருப்பெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். அப்போராட்டத்தின் வரலாறு எழுதப்படும் நாளில், அவர்கள் வெறும் எண்ணிக்கையாகக் குறுகிவிடக் கூடாது. படப்பை வழியே நாள்தோறும் வேலைக்குச் செல்லும் பெண்களின் சொற்களை, அவர்கள் விரும்பும் பெயரிலேயே, இன்றே பதிவுசெய்ய வேண்டும். வள்ளியம்மையுடன் களம் கண்ட பெண்களுக்கு நாம் செலுத்தத் தவறிய கடன் அது.