சான்டியாகோ ரமோன் இ கஹால்

சான்டியாகோ ரமோன் இ கஹால் (மே 1, 1852 – அக்டோபர் 17, 1934) எசுப்பானிய நாட்டு மருத்துவரும் இழையவியல் அறிஞரும் ஆவார். நரம்பு மண்டலம் தனித்தனி நரம்பணுக்களால் ஆனது என்பதை நிறுவினார். 1906 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இத்தாலிய அறிஞர் கமிலோ கோல்கியுடன் பகிர்ந்துகொண்டார். தண்டுவடக் காயத்திற்குப் பின் நரம்பிழைகளுக்கு நேர்வது குறித்தும் விரிவாக ஆராய்ந்தார்.

வாழ்க்கைக் குறிப்பு

கஹால் வட எசுப்பானியாவிலுள்ள பெத்தீய்யா தே அரகோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஓவியராக விரும்பிய இவரை, அறுவை மருத்துவரான தந்தை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக அனுப்பினார். பின்னர் தந்தையே எலும்புகளை வரையச் செய்து உடற்கூற்றியலில் ஆர்வமூட்டினார். 1873 இல் சரகோசாவில் மருத்துவப் பட்டம் பெற்று, படை மருத்துவராகக் கியூபா சென்றார். அங்கு மலேரியா நோயுற்று 1875 இல் நாடு திரும்பினார். வாலென்சியா, பார்சிலோனா, மத்ரித் ஆகிய நகரங்களில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

நரம்பணுக் கோட்பாடு

1887 இல் கோல்கி கண்டறிந்த வெள்ளிச் சாயமேற்றும் முறையைக் கஹால் முதன்முதலாகப் பார்த்தார். இம்முறையில் ஒரு சில நரம்பணுக்கள் மட்டுமே கருநிறம் பெற்று முழு வடிவில் தெரியும். அதனை இவர் மேம்படுத்தி, கொழுப்புறை இன்னும் உருவாகாத கருக்களிலும் இளம் பறவைகளிலும் கையாண்டார். நரம்பு மண்டலம் தொடர்ச்சியான ஒரு வலை என்பது அக்காலக் கருத்தாகும். கோல்கியும் அதையே ஏற்றிருந்தார். ஆனால், ஒரு நரம்பணு மற்றொன்றைத் தொடுமேயன்றி அதனுடன் ஒன்றாக இணைவதில்லை எனக் கஹால் 1888 இல் தொடங்கி வெளியிட்ட கட்டுரைகளில் காட்டினார். 1889 இல் பெர்லினில் தம் மாதிரிகளைக் காட்டி, சுவிட்சர்லாந்து அறிஞர் கோலிக்கரின் ஏற்பைப் பெற்றார். நோபல் உரையிலும் கோல்கி இக்கோட்பாட்டை மறுத்தே பேசினார். 1950களில் எதிர்மின்னி நுண்நோக்கி, நரம்பணுக்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியைக் காட்டிக் கஹாலின் கருத்தை உறுதிசெய்தது.

தண்டுவடக் காயம் பற்றிய ஆய்வுகள்

நரம்பு மண்டலத்தின் சிதைவும் மீளுருவாக்கமும் பற்றிய இவரது நூல் 1913–1914 இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. கை கால்களிலுள்ள நரம்புகள் வெட்டுண்டால் மீண்டும் வளர்கின்றன. தண்டுவடத்தில் வெட்டுண்ட இழைகளும் முதலில் துளிர்விடுகின்றன. ஆயினும் அவ்வளர்ச்சி விரைவில் நின்று போகிறது. முதிர்ந்த உயிரிகளின் நடு நரம்பு மண்டலம் தன்னைச் சீரமைத்துக் கொள்வதில்லை எனக் கண்ட கஹால், அந்நிலையை மாற்றும் பணியை வருங்கால அறிவியலுக்கு விட்டுச் சென்றார்.

பிற்கால ஆய்வுகள்

குளூட்டமேட்டு தண்டுவட நரம்பணுக்களைத் தூண்டுகிறது என்பது 1959–1960 இல் கண்டறியப்பட்டது. கஹால் வலியுறுத்திய நரம்பணுச் சந்திப்பிலேயே இவ்வேதிப்பொருள் சுரந்து, எதிர்ப்புற அணுவிலுள்ள ஏற்பிகளில் இணைகிறது. தண்டுவடம் அடிபடும்போது இது அளவின்றி வெளியேறுகிறது. என்.எம்.டி.ஏ., ஆம்பா ஆகிய ஏற்பிகள் மிகையாகத் தூண்டப்படுவதால் சோடியமும் கால்சியமும் அணுக்களுக்குள் பெருகுகின்றன. இதனால் அடிபடாத அண்டை நரம்பணுக்களும், கொழுப்புறையை உருவாக்கும் அணுக்களும் இறக்கின்றன. இந்த இரண்டாம்நிலைச் சிதைவு காயத்தைத் தொடர்ந்து பல மணி நேரமும் பல நாட்களும் நீடிக்கக்கூடும். இவ்வேற்பிகளைத் தடுக்கும் மருந்துகள் விலங்குகளில் பயனளித்த போதிலும், மனிதர்களுக்கான நிலைபெற்ற சிகிச்சையாக அமையவில்லை.

1981 இல், வளர்ந்த எலிகளின் தண்டுவடத்துடன் உடலின் வேறு பகுதி நரம்பை ஒட்டியபோது, அதனுள் நடு நரம்பு மண்டல இழைகள் நெடுந்தொலைவு வளர்ந்தன. எனவே இழைகள் வளரும் ஆற்றலை முற்றிலும் இழப்பதில்லை என்பதும், சூழலே பெருமளவில் தடையாகிறது என்பதும் தெளிவாயின.

மறைவு

கஹால் 1934 இல் தம் 82 ஆம் அகவையில் மத்ரித்தில் காலமானார். இளமையில் தந்தை தடுத்த ஓவியத் திறனே இவரது ஆய்வுக்குத் துணைநின்றது. இவர் வரைந்த நரம்பணுப் படங்கள் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன.